நிர்வாகி உங்களை நீக்கிவிட்டார்

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே எங்கள் இணையதளத்தின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது.’ யாருக்கும் யாருக்கும் இடையில் இணைப்பு, எதற்காகத் துண்டிப்பு, இனி நான் என்ன செய்ய வேண்டும், ஒரு விவரமும் கிடையாது. கோபத்தில் போனை வைத்துவிட்ட சொந்தக்காரர் மாதிரி. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினேன். எதுவும் சரியாகவில்லை.

ஆபீசில் ஒரு லாரி நிறைய வால்வு தவறான அளவில் வந்து இறங்கியிருந்தது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டு. தளத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எத்தனை வயசானாலும் சில நம்பிக்கைகள் போவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தானாகச் சரியாகவில்லை.

சாப்பாட்டு நேரம் முழுக்க ஹோஸ்டிங் கம்பெனியின் சாட்டில் கழிந்தது. நம் தளம் குடியிருப்பது அவர்கள் சர்வரில்தான், வீட்டுக்காரர் மாதிரி. முதலில் வந்தவர் பிரவுசர் சேர்த்துவைத்திருக்கிற பழைய கேஷை அழிக்கச் சொன்னார். அழித்தேன். பிரவுசரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். வேறு கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வேறு ஊருக்குக் குடிபோய்ப் பார்க்கச் சொல்லியிருப்பார். அதற்குள் சாட் அறுந்துவிட்டது.

இரண்டாவதாக வந்தவருக்கு ‘மன்னிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். வரிக்கு வரி மன்னிப்புக் கேட்கிறார். வணக்கம் சொல்வதற்குக்கூட ஒரு மன்னிப்பு. ஆனால் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: உங்கள் தளம் என்ன செய்கிறது?

டைப் செய்தேன். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், மோட்டார் கட்டில் எல்லாம் இரவலாகத் தருகிறோம். வேண்டியவர்கள் தளத்தில் படிவம் நிரப்புவார்கள். உங்களிடம் தொடர்பு இழந்து கிடக்கிறதே, அந்த ப்ளகின், தளத்தில் ஒட்டவைத்த குட்டி மென்பொருள், அது படிவத்தை என் நாத்தனாரின் போனுக்கு அனுப்பும். பொருள்களெல்லாம் அவருடைய கார் ஷெட்டில் இருக்கின்றன. கொடுத்ததும் போனில் ‘கொடுத்தாச்சு’ என்று ஒரு தட்டு. திரும்பி வந்ததும் ‘வந்தாச்சு’ என்று ஒரு தட்டு. தளத்தில் இருப்பு மாறும்.

‘மிக அருமையான சேவை, மன்னிக்கவும்’ என்றார்.

நானும் நாத்தனாரும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை டைப் செய்யவில்லை. ப்ளகின்தான் எங்கள் பேச்சுவார்த்தை என்பதையும். புகார்ப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் 7, வியாழன்

ப்ளகின் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ‘உங்கள் ஹோஸ்ட் எங்கள் சர்வரைத் தடுக்கிறது. ஹோஸ்டை அணுகவும்.’

ஹோஸ்டை அணுகினேன். ‘நாங்கள் எதையும் தடுப்பதில்லை. ப்ளகின் தயாரிப்பாளரை அணுகவும்.’

அணுகினேன். ‘எங்கள் பக்கம் எல்லாம் சீராக உள்ளது.’

இவர்கள் பக்கமும் சீர், அவர்கள் பக்கமும் சீர். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறி ‘எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லீங்க’ என்கிறார்கள். நடுவில் கல்யாணம் மட்டும் நின்றுபோயிருக்கிறது. ஒவ்வொரு பதிலின் அடியிலும் ஒரு சிரிக்கும் முகம், ஒரு அழும் முகம். ‘இந்தப் பதில் உதவியாக இருந்ததா?’

அழும் முகத்தை அழுத்தினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றது, சிரித்துக்கொண்டே.

மார்ச் 8

எதுவும் நடக்கவில்லை. நன்றாகவே நடக்கவில்லை.

மார்ச் 9, சனி

தளம் சொல்வதை நம்பினால், திங்கட்கிழமையிலிருந்து இந்த ஊரில் யாருக்கும் கால் ஒடியவில்லை. ஒடிந்த யாருக்கும் குணமாகவும் இல்லை. மூன்று வாக்கர், இரண்டு சக்கர நாற்காலி, ஒரு மோட்டார் கட்டில் ‘இருப்பில்’ என்று வாரம் முழுக்க அப்படியே நிற்கின்றன. இன்னொரு கட்டில் ஆரம்பத்திலிருந்தே ‘பழுது.’

மகளுக்குப் போன் செய்தேன். அவள் இருப்பது இரண்டு ரயில் தூரத்தில். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்: அத்தையிடம் பேசினாயா, ஷெட்டில் என்னென்ன இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுச் சொல்ல முடியுமா.

“அம்மா, நான் என்ன ப்ளகினா?” என்றாள்.

பிறகு, “நீயே கேளு. நம்பர் இருக்குல்ல?” என்று வைத்துவிட்டாள்.

நம்பர் இருக்கிறது. இருந்து என்ன? கணவர் இறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னாடி ‘என் தம்பியை நீ கைவிட்டுட்ட’ன்னு சொன்னவங்களுக்கு நான் போன் பண்ணி வாக்கர் எத்தனை இருக்குன்னு கேக்கணுமா? இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டது நான். டாக்டர் இரண்டையும் சொன்னார். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், எதற்கும் உத்தரவாதம் இல்லை. கேட்டது என் காதில். முடிவு என் தலையில். கணவர் அதற்குப் பிறகு நாலு மாதம் எங்களோடு வீட்டில் இருந்தார். நாத்தனாருக்கு அது நாலே மாதம். எனக்கு அது நாலு மாதம்.

நான் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கட்டில், நாற்காலி எல்லாம் நாத்தனார் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டன. அந்த நாலு மாதமும் அவர் இருந்தது அங்கேதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாக்கர் கேட்டார். இன்னொருவர் நாற்காலி கேட்டார். யாரோ இரண்டு பேர் தங்கள் வீட்டுச் சாமான்களையும் கொண்டுவந்து போட்டார்கள். நான் தளம் செய்தேன். நாத்தனார் துடைத்து வைத்தார். இதற்கெல்லாம் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது!

மார்ச் 12, செவ்வாய்

இன்று சிரிக்க ஒன்றுமில்லை.

ஆபீசில் இருக்கும்போது ஒரு போன். தளத்தின் அடியில் என் நம்பர் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பேசியவர் பஸ் டிரைவர். மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையே கட்டிலுக்குப் படிவம் நிரப்பினாராம். ‘உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டது’ என்று தளம் அவருக்குச் சொல்லியிருக்கிறது. பச்சை நிறத்தில், டிக் போட்டு. எங்கே அனுப்பப்பட்டது? எந்தச் சந்திர மண்டலத்துக்கு?

அதை நம்பி, வீட்டிலிருந்த பழைய கட்டிலைக் கழற்றி மச்சில் ஏற்றிவிட்டார், இடம் வேண்டுமே என்று. மனைவி நேற்றிலிருந்து இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மெத்தையில் படுத்திருக்கிறாராம். திரும்பினால் பெஞ்சு விலகுகிறது. விலகாமல் இருக்க இவர் பக்கத்தில் உட்கார்ந்து காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“கோவமெல்லாம் இல்லீங்க. மறந்துட்டீங்களோன்னு கேட்டேன். அவ்வளவுதான்” என்றார்.

திட்டியிருக்கலாம். 

மன்னிப்புக்கு எழுதினேன். முதல்முறையாக நக்கல் இல்லாமல் எழுதினேன். ஒரு அம்மா பெஞ்சில் படுத்திருக்கிறார், தயவுசெய்து உண்மையிலேயே யாராவது பாருங்கள் என்று. உங்கள் புகார் டிக்கெட் மேல்நிலைக்கு அனுப்பப்பட்டது என்று பதில். அதுவும் பச்சை டிக்கோடு.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

நாளைக்குப் போகிறேன். வேறு வழி இல்லை. அரை நாள் லீவு சொல்லியாச்சு.

மார்ச் 13, புதன்

போனேன்.

ஷெட் கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாக்கரின் கைப்பிடியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார். முடி பாதிக்கு மேல் வெளுத்திருக்கிறது. ‘கொடுத்தாச்சு’, ‘வந்தாச்சு’வில் அதெல்லாம் தெரிவதில்லை.

ஒருத்தருக்குக் கட்டில் வேண்டும் என்றேன்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்கற? நீதான் என்னை எடுத்துட்டியே.”

எனக்குப் புரியவில்லை. எங்கிருந்து எடுத்தேன்? நாத்தனார் துணியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனை நீட்டினார். ப்ளகினின் ஆப். நடுவில் ஒரே ஒரு வரி, சாம்பல் நிறத்தில்:

‘நிர்வாகி உங்களை நீக்கிவிட்டார்.’

தேதி, மார்ச் 4. அங்கே எனக்குச் சிவப்புப் பட்டை வந்த அதே காலை.

நிர்வாகி. நான்தான் நிர்வாகி. அந்தப் பதவியில் நான் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் பாட்டுக்கு வால்வுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் என் பெயரில் ஒரு மெஷின் என் நாத்தனாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறது. இரண்டு கம்பெனிக்காரர்களும் ‘எங்கள் பக்கம் சீர்’ என்று எனக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒரு வாரமும் இவர் இந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“நான் நீக்கல, அண்ணி. அது கெட்டுப்போச்சு. எனக்கும் வேலை செய்யல.”

“கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு சொல்லணும். உன் பேரை எதுக்கு இழுக்குது?”

நான் இத்தனை நாளும் இரண்டு கம்பெனிகளிடமும் கேட்கத் தெரியாமல் இருந்த கேள்வி இதுதான்.

நேற்று போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். நீக்கிட்டேன் என்பதை இன்னும் ஒருதடவை நேராக என் வாயால் வேறு கேட்கணுமா என்று எடுக்கவில்லையாம். ஆனால் ஷெட்டை மூடவில்லை. வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். மூன்று வாக்கரில் இரண்டு போய்விட்டது. நாற்காலி இரண்டும் போய்விட்டது. தளம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிற கட்டில் சனிக்கிழமையே ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டது. “நீ என்னை எடுத்துட்டன்னா, வாசலுக்கு வர்றவங்களை நான் திருப்பி அனுப்பணுமா?”

அப்படியென்றால் கட்டிலே இல்லை. பெஞ்சு, மெத்தை, டிரைவர் காலால் முட்டுக் கொடுப்பது, எல்லாம் சொன்னேன். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து ஷெட்டின் உள்மூலைக்குப் போய், ஒரு பெட்ஷீட்டை இழுத்தார்.

என் கணவருடைய கட்டில். மடித்த மெத்தை மேலே. ரிமோட்டில் நான் ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி, அதில் ஏறுவதற்கு எது, இறங்குவதற்கு எது என்று மார்க்கரால் போட்ட அம்புகள், எல்லாம் அப்படியே.

இது பழுது என்று போட்டிருந்தீர்களே என்றேன்.

“போட்டிருந்தேன்.”

பிளக்கைச் சொருகினார். ரிமோட்டை என் கையில் கொடுத்தார். அழுத்தினேன். தலைப் பக்கம் சத்தமே இல்லாமல் ஏறியது.

“மோட்டார் நல்லாத்தானே இருக்கு, அண்ணி.”

“மோட்டாருக்கு என்ன.”

டிரைவருக்குப் போன் செய்தோம். அவர் ஒரு வேனும் இரண்டு நண்பர்களும் ஏற்பாடு செய்து வருவதற்குள் நாங்கள் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தோம். போல்ட்டைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், நாத்தனார் சொன்னார்:

“அந்த ஆபரேஷனைப் பண்ணியிருக்கணும்னுதான் இப்பவும் நெனக்கிறேன்.”

“தெரியும், அண்ணி.”

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். கால் பக்கத்தைப் புடி.”

பிடித்தேன்.

டிரைவர் வீட்டில் நாத்தனார்தான் எல்லாம். கட்டிலை எந்தப் பக்கம் போடணும், வெளிச்சம் எங்கிருந்து வரணும், தலையணை எத்தனை என்று மூன்று ஆண்களையும் ஓட ஓட விரட்டினார். அந்த அம்மாவை மாற்றிப் படுக்க வைத்ததும் ரிமோட்டைக் கையில் கொடுத்து அம்புகளைக் காட்டினார். அந்த அம்மா ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பிறகு புருஷனைப் பார்த்து, “நீ இப்ப காலை எடுக்கலாம்” என்றார். அவர் இன்னும் பழக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

திரும்பி வரும்போது வேனில் நாத்தனார் ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

மார்ச் 14, வியாழன்

இருபது வருஷமாகக் கொள்முதல் வேலை பார்க்கிறேன். பம்ப் ஒழுகினால் பம்ப்காரன் வால்வைச் சொல்வான், வால்வுக்காரன் பம்பைச் சொல்வான். இரண்டு பேரையும் தனித்தனியாக விட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ரூமில் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் வாஷர் கண்டுபிடிக்கப்படும். இதை நான் ஆபீசில் வாரம் ஒருமுறை செய்கிறேன். சொந்த விஷயத்துக்கு மட்டும் பத்து நாளாகத் தோன்றவில்லை.

இன்று ஒரே மெயிலில் இரண்டு கம்பெனியையும் சேர்த்தேன். நாத்தனார் போனில் வந்த வரியைப் படம் எடுத்து வைத்தேன். மூன்றே கேள்வி. ஒன்று, மார்ச் 4 காலை உங்களில் யார் எதை மாற்றினீர்கள்? இரண்டு, இணைப்பு போனால் ‘இணைப்பு போனது’ என்று சொல்லாமல் நான் ஒருவரை நீக்கியதாக ஏன் சொன்னீர்கள்? மூன்று, இதைப் படிக்கிற மனுஷர் யாராவது இருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்கு மன்னிப்புதான் முதலில் பதில் போட்டார். ‘நான் இருக்கிறேன்.’ அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கக்கூட மறந்துவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

கம்பெனிகள் இரண்டும் காலையில் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டன. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’, ‘உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ என் பொறுமையை யாரும் கேட்கவில்லை.

மதியம் வாஷர் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் மன்னிப்பு. மார்ச் 3 ராத்திரி ஹோஸ்டிங் கம்பெனி ஒரு புதிய பாதுகாப்புக் காவல் மென்பொருளை வைத்திருக்கிறது. அது ப்ளகின் கம்பெனியின் சர்வர் அடிக்கடி வந்து கதவைத் தட்டுவதைப் பார்த்துத் திருடன் என்று முடிவுகட்டியிருக்கிறது. ஹோஸ்டிங்காரர்கள் ‘தடுக்கவில்லை’ என்று சத்தியம் செய்தது ஏனென்றால், தடுத்தது ஆள் இல்லை, காவல். தட்டித் தட்டிப் பதில் வராத ப்ளகினோ, சரி, வீட்டுக்காரியே உறவை முறித்துக்கொண்டாள் போல என்று தானாக முடிவு பண்ணி, நாத்தனாருக்குச் சேதி அனுப்பிவிட்டது.

கதவு ஏன் திறக்கவில்லை என்று அதற்குக் கேட்கத் தோன்றவில்லை. விரட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டது. ப்ளகினைத் திட்டி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். என்னமோ, எழுத வரவில்லை.

ப்ளகின் கம்பெனி அந்த வரியை மாற்றுவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறது. மன்னிப்பு அவர்கள் சர்வருக்கு விலக்கு போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் பச்சை விளக்கு. சோதனைக்கு ஒரு வாக்கர் வேண்டும் என்று நானே படிவம் நிரப்பினேன்.

உடனே நாத்தனாரிடமிருந்து போன். ஆப் வழியாக இல்லை, போன். “யாருக்கு வாக்கர்? உனக்கு என்ன ஆச்சு?”

சோதனை என்று சொன்னேன்.

“வெளங்கிடும்” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 16

இரண்டு கம்பெனியிடமிருந்தும் மெயில். ‘உங்கள் பிரச்சினையை நாங்கள் தீர்த்துவைத்த விதம் பற்றி நட்சத்திரங்கள் வழங்கவும்.’ மன்னிப்புக்கு மட்டும் இருக்கிற எல்லா நட்சத்திரத்தையும் கொடுத்தேன். மற்றவர்களுக்கு வானம் மேகமூட்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒரு குடும்பம் குளியல் நாற்காலி ஒன்றை நன்கொடையாகத் தருகிறோம் என்றது. நாத்தனாரும் நானும் வாடகை வேனில் போய் எடுத்து வந்தோம். வேன் டிரைவருக்கு மேப் சொன்ன வழி ஒன்று, நாத்தனார் சொன்ன வழி ஒன்று. நாத்தனார் சொன்ன வழியில் போனோம். ரோடு ஒரு சுவரில் முடிந்தது. சுவரைக் கட்டியவன்மேல் நாத்தனாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

திரும்பும்போது பெருமழை. என் வீடுதான் பக்கம். அவர் இங்கே வந்து இரண்டரை வருஷம் இருக்கும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, முதலில் தன் முட்டியை, அடுத்து கட்டடம் கட்டியவனை, கடைசியில் என்னைத் திட்டிவிட்டுத்தான் அடுத்த படி ஏறினார். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு, அஞ்சு நிமிஷம் என்று சோபாவில் சாய்ந்தார். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டார்.

இப்போது எதிரே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் குறட்டை விடுகிறார். ஏறும், ஏறி ஒரு இடத்தில் நிற்கும், என்னவோ ஏதோ என்று நான் எட்டிப் பார்க்கிற நேரம் ஒரு பெருமூச்சோடு இறங்கும். கல்யாணமான புதிதில் இதே குறட்டைக்கு நான் எத்தனை நாள் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அக்காவுக்கும் தம்பிக்கும் இது ஒன்றுதான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மழை விட்டு நேரமாகிவிட்டது. டீ ஆறிப்போய்விட்டது. எழுப்பவில்லை.